செத்த காலேஜும் ஆலங்காட்டுத் திருமேனியும்



எழும்பூர் அருங்காட்சியகத்திற்குச் சென்னை மக்கள் இட்ட பழம்பெயர் ‘செத்த காலேஜ்’. விலங்குக் காட்சிச் சாலைக்கு இட்ட பெயர் ‘உயிர் காலேஜ்’. அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கப்பெற்றது நுங்கம்பாக்கத்தில். ஆங்கில அதிகாரிகள் நம் நாட்டு மொழிகளைப் பயின்ற புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில். ‘காலேஜ்’ என்னும் சொல் அங்கிருந்தே ஒட்டிக்கொண்டது எனக் கருத இடமுண்டு. 1854-இல் அது எழும்பூர்ப் பாந்தியன் தோட்டத்திற்குப் பெயர்ந்தது. முன்பு ஆங்கிலேயர் விருந்தும் நடனமும் நிகழ்த்திய இடம் அது. முதற் பொறுப்பாளரான மருத்துவர் எட்வர்டு பால்ஃபர், மறு ஆண்டே அவ்வளாகத்தில் விலங்குகளையும் வைத்தார். 1863-இல் அவை பீப்பிள்ஸ் பார்க் பூங்காவிற்குச் சென்றன. உயிருள்ளவை வெளியேறின, உயிரற்றவை தங்கின. மக்கள் வழக்கு அப்பிரிவினையையே பெயராக்கிற்று.

நகைச்சுவைப் பெயராகத் தோன்றினும் இதனுள் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. செப்புத் திருமேனிகளின் கூடத்திற்குச் செல்வோர் அதனை எளிதில் தள்ளிவிட இயலாது.

கோயிலின் மூலவர் அசையாதவர். உலாத் திருமேனியோ நடப்பதற்கென்றே பிறந்தது. பீடங்களில் உள்ள வளையங்களும் துளைகளும் தண்டுகளைச் செருகித் தோளில் சுமப்பதற்காக அமைந்தவை. வீதியும் தீவட்டியும் நாகசுரமும் பதிகமும் அதன் வாழ்வு. அத்தகைய திருமேனி இன்று கண்ணாடிக்குப் பின்னே நிற்கிறது. அருகில் ஒரு சிறு பலகை: ஊர், நூற்றாண்டு, உலோகம். வெள்ளிக்கிழமை, கோயில்களில் கூட்டம் நிரம்பும் நாள். அருங்காட்சியகத்திற்கோ அன்று விடுமுறை. ‘செத்த’ என்று மக்கள் சொன்னதில் வியப்பென்ன?

எனினும் மறுபக்கம் ஒன்றுண்டு. கோயிலில் அத்திருமேனியைப் பட்டும் மாலையும் அணியும் மறைக்கின்றன. அடியவர் காண்பது முகமும் கைகளுமே. சிற்பி வடித்த இடையின் வளைவையும் தோளின் சரிவையும் முதுகின் அமைதியையும் முழுமையாகக் காட்டுவது அருங்காட்சியகந்தான். திருவெண்காட்டு அர்த்தநாரியை அங்கே காண்போர், ஆணுடலும் பெண்ணுடலும் ஒரே மூச்சில் இணைந்து நிற்பதை உணர்வர். சில திருமேனிகளின் முகங்கள் மழுங்கியுள்ளன. பல தலைமுறைத் திருமஞ்சனத்தின் தேய்வு அது. பலகையில் எழுதப்படாத வரலாற்றை அத்தேய்வு கூறும்.

செய்முறையும் கவிஞர் எண்ணுதற்குரியது. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் சமைத்து, அதன்மேல் மண் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பர். பின்னர் மண் கருவை உடைத்தால்தான் உருவம் வெளிப்படும். ஒரு கருவிலிருந்து ஒரே திருமேனி, இரண்டாவது பிறக்காது. சிற்பியின் பெயர் பெரும்பாலும் எங்கும் இல்லை.

அக்கூடத்தின் தலைமணி திருவாலங்காட்டு நடராசர். சுற்றிலும் இருந்திருக்க வேண்டிய திருவாசி இல்லை. ஆயினும் ஆட்டம் குறையவில்லை. சோழர் காலத்துத் திருமேனி இது. இதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, ஆலங்காட்டுச் சுடுகாட்டில் இறைவன் ஆடுவதைப் பேய்கள் சூழக் கண்டு பாடியவர் காரைக்கால் அம்மையார். முதலில் கண்டது கவியின் கண். செம்பு பின்னர் வந்தது. சொல் உருகிப் பாய்ந்த தடத்திலேயே உலோகமும் பாய்ந்தது எனலாம். இன்றோ பலகையில் உலோகத்தின் பெயர் உண்டு. அம்மையார் கண்ட கூத்து அக்கூடத்தில் நிற்கிறது.

இந்தியாவிற்கு ஒருபோதும் வந்திராத பிரெஞ்சுச் சிற்பி ஒகுஸ்த் ரொதேன், சென்னை அருங்காட்சியகத்து நடராசரின் நிழற்படங்களைக் கண்டு 1913-இல் ஓர் உரைநடைக் கவிதை எழுதினார். உறுப்பு உறுப்பாக நோக்கி எழுதிய அக்கட்டுரை, அவர் 1917-இல் மறைந்த பின்னர் 1921-இல் அச்சேறியது. அவர் கையில் இருந்தவை காகிதப் படங்களே. அம்மையாரின் மொழியை அவர் அறியார், ஆலங்காட்டை அறியார். பார்வை ஒன்றையே துணைக்கொண்டார்.

தேனாம்பேட்டையிலிருந்து பாந்தியன் சாலை சில கிலோமீட்டர் தொலைவுதான். பத்தாண்டுகளாகக் கவிதை பேசிவரும் வட்டத்தார்க்கு, படத்தோடு நின்றுவிட வேண்டிய நிலை இல்லை. திருமேனியும் அருகில் உள்ளது, அதனைப் பாடிய மொழியும் நாவில் உள்ளது. இரண்டையும் ஒருசேரப் பெற்றவர் உலகில் சிலரே. கூடம் முழுவதையும் ஒரே நாளில் சுற்றி வருவதைவிட, ஒரு திருமேனியின் முன் ஒரு மணி நேரம் நிற்பது நன்று. அங்கேயே பாட்டெழுத வேண்டும் என்பதில்லை. பார்த்தது உள்ளே தங்கி, தேவையற்ற மெழுகெல்லாம் உருகி வெளியேறும்வரை காத்திருத்தல் வேண்டும்.

திருமேனிகளைக் கள்வரிடமிருந்து காப்பதற்குக் காவலும் கண்ணாடியும் தேவை; அவற்றை வீதிக்கு மீட்பது எல்லா இடத்தும் இயலாது. ஆனால் அவை இழந்த பாட்டை மீட்பது இயலும். அப்பணியை அரசோ அலுவலரோ செய்யார். கவிஞரே செய்ய வேண்டும். அது நடக்கும் நாளில், ‘செத்த காலேஜ்’ என்னும் பெயர் தானே வழக்கொழியும்.

வட்டம் வளர்க.