வரப்பு மண் ஒரு கைப்பிடி

நிலத்துக்கு விடும் ஜீவாமிர்தம் என்ற இயற்கைக் கரைசலைத் தயாரிக்கும்போது பலர் ஒரு பொருளை அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். அது ஒரு கைப்பிடி மண். ரசாயனம் படாத வரப்பிலோ மரத்தடியிலோ எடுத்த மண்ணாக இருக்க வேண்டும். அந்த நிலத்துக்குப் பழகிய நுண்ணுயிர்கள் அதில்தான் இருக்கின்றன.

மகாராஷ்டிரத்தின் சுபாஷ் பாலேக்கர் பரப்பிய முறை இது. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ நாட்டு மாட்டுச் சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், வெல்லமும் பயறு மாவும் 2 கிலோ வீதம். வெல்லம் நுண்ணுயிர்களுக்கு உடனடித் தீனி, மாவு புரதம். பீப்பாயை நிழலில் வைத்து, ஈரச்சாக்கால் மூடி, காலையும் மாலையும் குச்சியால் கலக்கிவிடுங்கள். 2 நாளில் நுரை கட்டி, புளித்த வாசனை வரும். பாசன நீரோடு விடலாம். ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

இதையே முழு உரமாக நம்பியவர்கள்தான் ஏமாந்துபோகிறார்கள். இதிலுள்ள தழைச்சத்து ஒரு ஏக்கருக்குப் போதவே போதாது. இது உறைமோர் மாதிரி. பால் இருந்தால்தானே தயிராகும்? நிலத்தில் மட்கு உரமும் மூடாக்கும் வேண்டும். அதனால், தயவுசெய்து வைக்கோலைக் கொளுத்தாதீர்கள். பரப்பிவிட்டு அதன்மேல் ஜீவாமிர்தத்தைத் தெளியுங்கள். சில வாரம் கழித்து விலக்கிப் பார்த்தால், அடியில் மண்புழு கழித்த சிறுசிறு உருண்டைகள் கிடக்கும்.

வைக்கோலை மடக்கி உழுவதானால் மட்டும், விதைப்புக்குச் சில வாரம் முன்பே முடித்துவிடுங்கள். மட்கும்போது அது மண்ணின் தழைச்சத்தைக் கொஞ்ச காலம் இழுத்துக்கொள்ளும்.