பழைய கணனியும் நம் உரிமையும்

(கிளிநொச்சியில் ஆற்றிய உரை)



விண்டோஸ் 10க்கு வழமையாக வந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்ரோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றன. அதற்காக என் மைத்துனரின் கணனியை எறிந்துவிடுவதா? எறியவில்லை, லினக்ஸ் மின்ற் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை நிறுவினோம். அதற்கு ஒரு சதமும் விலையில்லை.

கோப்புகளை முதலில் வேறிடத்திற் படியெடுங்கள். நிறுவுமுன் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பாருங்கள். பாமினி எழுத்துருவையும் மறவாதீர்கள். அஃதின்றேல் பழைய தமிழ்க் கடிதங்களை வாசிக்க இயலாது.

சட்டம் பயின்றவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். விண்டோஸின் உரிமப் பத்திரம் படியெடுத்துப் பிறர்க்கு வழங்குவதைத் தடுக்கிறது. லினக்ஸின் பத்திரமோ ஆராயவும் திருத்தவும் பகிரவும் உரிமை அளிக்கிறது. முல்லைத்தீவைச் சிதைத்த 2004 ஆழிப்பேரலைக்குப்பின் இலங்கையர் ஆக்கிய சகானா என்னும் நிவாரண மென்பொருளும் இந்நெறியிற் பிறந்ததே.

விதைநெல்லைப் பகிர்ந்து வாழ்ந்த வன்னி உழவனுக்கு இது புதிய நெறியன்று. ஊருக்கொருவர் கற்போம், மற்றவர்க்கும் கற்பிப்போம்!