நிதி குன்றும் நாளில் கல்வி: சுமை யாருடைய தோளில்?



கனகம்மாசத்திரம் தன் பெயரிலேயே ஓர் அறத்தைத் தாங்கி நிற்கும் ஊர். இப்பகுதியின் உழவர், நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் திருத்தணி சுப்பிரமணிய சுவாமி அரசு கலைக் கல்லூரியில் பயில்கின்றனர். அவர்கள் பெறும் பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்தினுடையது. ஆதலின் 1857இல் தோன்றிய அப்பல்கலைக்கழகத்தின் நிதிநிலை, இவ்வூர்த் திண்ணைகளில் பேசப்படவேண்டிய செய்தியே ஆகும்.

2024 பிப்ரவரியில் அதன் வங்கிக் கணக்குகளை வருமான வரித் துறை முடக்கியது. கோரப்பட்ட வரி 424 கோடி ரூபாய். வருவாயில் பாதிக்கு மேல் அரசு நல்கையாகப் பெறும் கல்வி நிறுவனத்துக்கு வரிவிலக்கு உண்டு. நல்கை அந்த அளவுக்குக் கீழே இறங்கிவிட்டமையால் விலக்கு இல்லை என்பது துறையின் வாதம். அரசு தருவது குறைந்தது; குறைந்த காரணத்தாலேயே வரியும் வந்து சேர்ந்தது. ஊதியமும் ஓய்வூதியமும் வழங்குவதே கேள்விக்குறியாயிற்று.

பல்கலைக்கழகங்கள் நலிவுறும்போது எளிதில் கைக்கெட்டும் வழிகள் இரண்டு. ஒன்று, பேராசிரியர் பணியிடங்களை நிரப்பாது விடுதல். மற்றொன்று, கட்டணத்தை உயர்த்துதல். 2009 நவம்பரில், உலகப் பொருளாதாரச் சரிவின்போது, அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் கட்டணத்தை 32 விழுக்காடு உயர்த்த முடிவு செய்தது. செல்வம் மிக்க நாட்டிலும் சுமை முதலில் இறங்கியது மாணவர் தோளில்தான்.

தமிழகத்திலும் இதற்குச் சான்று உண்டு. 1929இல் சிதம்பரத்தில் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் வீழ்ந்தபோது, 2013இல் அரசு அதன் பொறுப்பை ஏற்றது. ஆயினும் அதன் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்கு மேலாகவே நீடித்தது. கொரோனாக் காலத்தில் குடும்பங்கள் வருவாய் இழந்து நின்றன. 2020 டிசம்பரில் மாணவர் தொடங்கிய போராட்டம் 50 நாள்களைக் கடந்தது. 2021இல் கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பெற்றது. கட்டணம் அரசுக் கல்லூரிகளின் அளவான சுமார் 13 ஆயிரம் ரூபாய்க்கு இறங்கியது. ஆயினும் ஒரு மருத்துவரை உருவாக்கும் செலவு குறைந்துவிடவில்லை. அது மாணவர் தோளிலிருந்து பொதுக் கருவூலத்துக்கு மாறியது, அவ்வளவே. யாரேனும் ஒருவர் கொடுத்தே ஆகவேண்டும். அவர் யார் என்று தீர்மானிப்பதே கட்டண முடிவின் உட்பொருள்.

அரசின் கடமையை அறக்கட்டளைகள் முழுதும் ஏற்றல் இயலாது, ஏற்கவும் வேண்டா. எனினும் அவற்றுக்கென ஒரு பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சமணவியல் துறை சமூகத்தார் நல்கிய அறக்கொடையின் துணையால் உருவாயிற்று. தாய் நிறுவனம் தளரும்போது அத்தகைய துறையும் தளரும். துறையைத் தோற்றுவித்ததோடு கொடையின் கடமை முடிந்துவிடுவதில்லை.

பழந்தமிழர் கோயில் விளக்குக்கு ஆடுகளை அறமாக விட்டனர். பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள். அவற்றைக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்று குறிக்கும. மந்தை குறையாது காக்கப்படும். அதன் பயனான நெய்யில் விளக்கு எரியும். கல்விக் கொடைக்கும் இம்முறையே ஏற்றது. விழா மேடையில் ஒரு நாள் வழங்கும் பரிசுத் தொகை அந்த ஆண்டோடு கரைந்துவிடும். முதல் குறையாத வைப்பு நிதியோ, அதன் வட்டியிலிருந்து ஆண்டுதோறும் சில பிள்ளைகளின் தேர்வுக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் தாங்கும். அதன் வரவு செலவு ஆண்டுக்கொருமுறை அவையில் படிக்கப்படின், கொடுப்போர் நம்பிக்கையும் வளரும்.

சாத்திர தானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாகப் போற்றும் மரபினர் சமணர். ஏடு எழுதுவித்துக் கொடுப்பது அன்றைய சாத்திர தானம். கட்டணம் செலுத்த இயலாமையால் ஒரு மாணவி மூன்றாம் பருவத்தில் படிப்பை நிறுத்திவிடாமல் காப்பது இன்றைய சாத்திர தானம். பொருளாதாரம் தழைக்கும் காலத்தில் அந்நிதியைச் சேர்த்து வைப்போரே, அது நலியும் காலத்தில் அவளுக்குத் துணை நிற்க வல்லோர்.