தண்ணீருக்குள் மீட்டர் கம்பி



ஹீட்டர் காயில் ஓட்டையா, மாற்று. மறுபடியும் ஓட்டையா, மறுபடியும் மாற்று. அப்புறமும் ஒழுகினால், இரண்டு ஹோஸையும் ஒரு துண்டுக் குழாய் வைத்து ஒன்றோடொன்று பூட்டி, “கொச்சியில ஹீட்டர் எதுக்கு அண்ணே?” என்று சொல்லி வண்டியை அனுப்பிவிடு. பிக்கப் வண்டிகளுக்கு இன்றைக்குப் பல பட்டறைகளில் நடப்பது இதுதான். இந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. மட்டாஞ்சேரியில் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில், இதற்கு மாற்றாக நான் நம்பும் ஒரு சோதனையைப் பற்றி இன்று பேசப்போகிறேன்.

முதலில், கொச்சியில் ஹீட்டர் எதற்கு என்ற கேள்வி. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக் கிட்டங்கிகளுக்கு வரும் வண்டிகள் மலையிலிருந்து இறங்கி வருபவை. போடியிலிருந்தும் வண்டன்மேட்டிலிருந்தும் ஏலக்காய் வருகிறது. மூணாறு தேயிலை வில்லிங்டன் தீவு ஏலத்துக்கு வருகிறது. கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், ஆடி மாத மழையில், நேரியமங்கலம் தாண்டி ஏறிப் பாருங்கள். கண்ணாடியின் உள்பக்கம் ஆவி பிடித்து எதிரே வரும் பஸ் தெரியாது. ஜனவரியில் லட்சுமி எஸ்டேட், செண்டுவரை பக்கம் புல்லின் மேல் உறைபனி கிடக்கும். அந்த நேரத்தில் கண்ணாடியைத் தெளிய வைப்பது ஹீட்டர்தான். ஹோஸைப் பூட்டி அனுப்பிய மெக்கானிக் அப்போது அந்த வண்டியில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. நிறைய வண்டிகளில் ஹீட்டர் குமிழை மூடி வைத்தாலும் கூலன்ட் அந்தக் காயில் வழியாக ஓடிக்கொண்டேதான் இருக்கும். குமிழ் திருப்புவது காற்றின் வழியை மட்டும். ஆகவே ஹீட்டர் போடாதவன் வண்டியிலும் காயில் ஓட்டையாகும்.

கேபினுக்குள் இனிப்பு வாடை, கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு, கிளீனர் உட்காரும் பக்கம் கால் மிதியில் ஈரம், வெளியே ஒரு சொட்டு ஒழுகாமலே கூலன்ட் குறைவது. இந்த அடையாளங்கள் வண்டி ஓட்டுகிற உங்களுக்குத் தெரிந்தவை. காயில் ஓட்டை என்று கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. அது ஏன் திரும்பத் திரும்ப ஓட்டையாகிறது என்று கண்டுபிடிப்பதைத்தான் நான் கலை என்கிறேன்.

அதற்கு முதல் சாட்சி கழற்றிய பழைய காயில். தயவுசெய்து அதைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். ஹாக்ஸா பிளேடால் அறுத்து உள்ளே பாருங்கள். தண்ணீர் நுழையும் வளைவில் மட்டும் சுவர் தேய்ந்திருந்தால் ஓட்டத்தின் வேகம் அதிகம். ஹோஸுக்குள் கம்பெனி வைத்திருந்த குறுகல் துண்டை யாரோ தூக்கிப் போட்டிருப்பார்கள். டேங்க் ஒட்டும் விளிம்பு பிளந்திருந்தால் அழுத்தம் அதிகம். ரேடியேட்டர் மூடியையும் ஹெட் கேஸ்கெட்டையும் பார்க்க வேண்டும். கழுத்தில் வெடிப்பு இருந்தால் ஹோஸ் முறுக்கி இழுத்திருக்கிறது. உள்பக்கமிருந்து குழிகுழியாக, ஊசி குத்தியதுபோல், அங்கங்கே சிதறிக் கிடந்தால் அது அரிப்பு. என் பட்டறைக்குத் திரும்பத் திரும்ப வரும் வண்டிகளில் நான் அதிகம் பார்ப்பது இந்த ஊசிக்குழிதான். அதனால் என் பேச்சும் அதன் பக்கமே சாயும்.

இப்போது அந்தச் சோதனை. கையில் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூடான எஞ்சினில் மூடியைத் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும், ஆகவே ஆறியிருக்க வேண்டும் என்பதை இரண்டு தடவை சொல்கிறேன். ரேடியேட்டர் மூடியைத் திறவுங்கள். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். கறுப்புக் கம்பி பேட்டரியின் மைனஸில். சிவப்புக் கம்பி கூலன்டுக்குள். அது தண்ணீரில் மட்டும் நிற்க வேண்டும், ரேடியேட்டரின் உலோகத்தில் படக்கூடாது. மறுபடியும் சொல்கிறேன்: கறுப்பு மைனஸில், சிவப்பு தண்ணீரில், உலோகத்தில் படக்கூடாது.

சாவியை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முதல் எண்ணைப் பாருங்கள். அது கூலன்டின் சொந்த எண். அலுமினியமும் வார்ப்பிரும்பும் ஒரே தண்ணீரில் நிற்கும்போது தானாகவே கொஞ்சம் வோல்ட் பிறக்கும். அலுமினியக் காயிலுக்கு நான் வைத்திருக்கும் வரம்பு 0.1 வோல்ட். அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் தன் பட்டறைகளுக்கு அனுப்பிய குறிப்பில் 0.4 வோல்ட்டை எச்சரிக்கை எண்ணாகச் சொல்லியிருக்கிறது. நம் ஊர் உப்புக்காற்றுக்கு அவ்வளவு தாராளம் கூடாது என்பது என் கருத்து. எல்லாம் அணைந்திருக்கும்போதே எண் வரம்பைத் தாண்டினால் கூலன்டில் அரிப்பைத் தடுக்கும் மருந்துச் சத்து தீர்ந்துவிட்டது. கழுவி ஊற்றிப் புதிதாக நிரப்புங்கள்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. கம்பி தண்ணீரிலேயே இருக்கட்டும். ஒருவர் கேபினில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட வேண்டும். ஹெட்லைட். எண்ணைப் பார். வைப்பர். எண்ணைப் பார். ப்ளோயர். எண்ணைப் பார். ஹாரன். கடைசியில், எஞ்சின் பிடிக்காதபடி டீசலை நிறுத்திவிட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லி எண்ணைப் பார். எதைப் போடும்போது எண் குதிக்கிறதோ, அதன் எர்த் சரியில்லை. செல்ஃப் அடிக்கும்போது குதித்தால் எஞ்சினின் எர்த்தே சரியில்லை.

ஏன் இப்படி? பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் மைனஸுக்குத் திரும்பியே ஆக வேண்டும். கேபினில் உள்ள சாமான்களின் மின்சாரம் பாடி வழியாக, எர்த் பட்டை வழியாகத் திரும்பும். அந்தப் பட்டை துருப்பிடித்தாலோ, போல்ட் தளர்ந்தாலோ, அது வேறு வழி தேடும். டேஷ்போர்டுக்குள் பாடியோடு ஒட்டி நிற்கிறது ஹீட்டர் காயில். அதற்குள் கூலன்ட். ஹோஸ் ரப்பர்தான், ஆனால் ஹோஸுக்குள் இருக்கும் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் இடம் எஞ்சின். வழி கிடைத்துவிட்டது. மின்சாரம் எந்த உலோகத்தை விட்டுத் தண்ணீருக்குள் இறங்குகிறதோ, அந்த உலோகம் கரையும். இங்கே அது காயிலை விட்டு இறங்குகிறது. ஆகவே காயில் கரைகிறது, எஞ்சின் பிழைக்கிறது.

எவ்வளவு கரையும் என்பதற்கு மைக்கேல் ஃபாரடேயின் விதி கணக்கு சொல்லும். ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் இப்படி இறங்கினால் சுமார் 0.34 கிராம் அலுமினியம் போகும். காயிலின் குழாய்ச் சுவர் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் ஒரு சதுர மில்லிமீட்டர் ஓட்டை விழ ஒன்றரை மில்லிகிராம் உலோகம் கரைந்தால் போதும். கரைவது பல குழிகளில் பிரிந்து நடந்தாலும், ஆம்பியரில் ஆயிரத்தில் சில பங்கு கசிந்தாலே சில மாதங்களில் வேலை முடிந்துவிடும்.

ஒரு வண்டியைச் சொல்கிறேன். போடியிலிருந்து ஏலக்காய் ஏற்றி வரும் பிக்கப். வேறொரு இடத்தில் மூன்று காயில் மாற்றியாகிவிட்டது. “காயில் டூப்ளிகேட் அண்ணே, அதான்” என்றார் ஓட்டுநர். “தம்பி, மூணும் டூப்ளிகேட்டா? பழைய காயில் வச்சிருக்கியா?” என்று கேட்டேன். நல்ல வேளை, சீட்டுக்குப் பின்னால் ஒன்று கிடந்தது. அறுத்தால் உள்ளே முழுக்க ஊசிக்குழி. மீட்டரைப் போட்டேன். எல்லாம் அணைந்திருக்கும்போது எண் ஒழுங்காக இருந்தது. ஹெட்லைட்டில் அசையவில்லை. வைப்பரில் அசையவில்லை. ப்ளோயரைப் போட்டதும் கொஞ்சம் ஏறியது. பாட்டு போடச் சொன்னேன். சத்தத்தைக் கூட்டக் கூட்ட எண்ணும் கூடியது, பாட்டின் தாளத்துக்கே ஏறி இறங்கியது! ராத்திரி ஓட்டத்தில் தூக்கம் வராமலிருக்க அவர் சீட்டுக்கடியில் ஓர் ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்தார். அதன் எர்த்தை டேஷ்போர்டுக்கு உள்ளே, ஹீட்டர் பெட்டியைத் தாங்கும் இரும்பில் திருகியிருந்தார்கள். கிளட்ச் வேலைக்கு கியர்பாக்ஸ் இறக்கியபோது எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையைக் கழற்றியவர்கள் திரும்பப் போடவே இல்லை. புதுப் பட்டை ஒன்று போட்டு, ஆம்ப்ளிஃபயரின் எர்த்தை நேராகப் பேட்டரி மைனஸுக்குக் கொண்டுபோனேன். நாலாவது காயில் இன்னும் அந்த வண்டியில்தான் இருக்கிறது.

ஸ்கேனரைச் செருகினால் இது தெரியுமா? தெரியாது. ஸ்கேனர் படிப்பது கம்ப்யூட்டருக்குத் தெரிந்த பழுதுகளை. கூலன்டுக்குள் மின்சாரம் போவதை அளக்க வண்டியில் சென்சார் கிடையாது. ஸ்கேனர் வந்தபின் மீட்டரைத் தொடாத இளம் மெக்கானிக்குகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கையில் திறமை இருக்கிறது. ஆனால் சந்தேகப்படப் பழகவில்லை.

சிலர் காயில் ஓட்டையாவதைத் தடுக்க காயிலுக்கே தனியாக ஓர் எர்த் வயர் போடுகிறார்கள். செய்யாதீர்கள். மின்சாரம் காயிலுக்கு வருவதற்கு இன்னும் நல்ல பாதை போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும். எர்த் எஞ்சினுக்குப் போட வேண்டும், பாடிக்குப் போட வேண்டும். காயிலுக்கு வேண்டாம். அதைச் சுற்றிக் கம்பெனி ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்சையும் கிழித்து எறியாதீர்கள்.

தண்ணீருக்குள் உலோகம் கரைவதைப் பற்றிய இந்த அறிவு கொச்சிக்குப் புதிதல்ல. தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் கரையேற்றிய போட்டின் அடிப்பாகத்தைப் பாருங்கள், புரொப்பெல்லர் பக்கத்தில் துத்தநாகக் கட்டி திருகியிருக்கும். கடல் தண்ணீர் முதலில் அதைத் தின்னட்டும் என்பது ஏற்பாடு. இதைத் தொடங்கி வைத்தவர் ஃபாரடேயின் ஆசான் ஹம்ஃப்ரி டேவி. 1824இல் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகட்டோடு இரும்பையும் துத்தநாகத்தையும் இணைத்துச் செம்பு அரிக்காமல் காத்தார். செம்பு கரையாததால் அதன் மேல் சிப்பியும் பாசியும் ஏறிக் கப்பலின் வேகம் குறைந்துபோனது வேறு கதை. 1957இல் தொடங்கி, இப்போது வில்லிங்டன் தீவில் இயங்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் மீன்பிடிப் படகுகளின் அரிப்பைப் பற்றி நிறைய வேலை செய்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து உருவான மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்தியாவுக்கே அரிப்பு வரைபடம் போட்டது. இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு அறிவு இருக்கும்போது பட்டறையில் நாம் காயிலை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது நியாயமில்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேற்குக் கொச்சியில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. காயலும் கடலும் இரண்டு பக்கமும். அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால், உப்பிலுள்ள குளோரைடு அலுமினியத்தின் மேலிருக்கும் மெல்லிய காப்புப் படலத்தைத் துளைத்து உள்ளே போகும். எர்த் எவ்வளவு நன்றாக இருந்தாலும் குழி விழும். கலந்து வரும் கூலன்டை அப்படியே ஊற்றுங்கள், இல்லையென்றால் டிஸ்டில்ட் வாட்டரில் கலந்து ஊற்றுங்கள். வழியில் அவசரத்துக்குக் குடிதண்ணீர் ஊற்றினால், ஊருக்கு வந்ததும் கொட்டிவிட்டு நிரப்புங்கள்.

மஞ்சள் தூள். நம் பஜாரில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது, லாரிக்காரர்களின் பழைய வழக்கம், ஒழுகும் ரேடியேட்டரில் ஒரு கைப்பிடி போடுவது. பட்டறை வரை வந்து சேர உதவும், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தூள் போய் அடைவது ரேடியேட்டரைவிடச் சிறிய குழாய்கள் உள்ள ஹீட்டர் காயிலில்தான். கடையில் விற்கும் ஒழுகல் அடைப்பான்களுக்கும் இதே குணம் உண்டு. காயில் பாதி அடைத்து நிற்கும், காற்று சூடாகாது, அப்புறம் அதற்காக ஒரு தடவை டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும். டேஷ்போர்டு கழற்றும் வேலை எவ்வளவு பெரியது என்று உங்களுக்கே தெரியும். கிளிப் உடையும், பிறகு வண்டி ஆயுசுக்கும் கடகடவென்று சத்தம் போடும்.

அழுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரேடியேட்டர் மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருக்கும். கையில் கிடைத்த மூடியைப் போடாமல் வண்டிக்கு உரிய எண்ணைப் போடுங்கள்.

கடைசியாக, பட்டறையில் காயில் மாற்றி வாங்கும்போது இரண்டு எண்களை ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எல்லாம் அணைத்திருந்தபோது கூலன்டில் எத்தனை வோல்ட், எல்லாம் போட்டிருந்தபோது எத்தனை வோல்ட். எழுத மறுத்தால் கம்பியைத் தண்ணீருக்குள் விடவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். மழைக்காலம் முடிந்ததும் எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையைக் கழற்றி, போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட் போக வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, முறுக்கிப் பூட்டி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். பிறகு அந்த இரண்டு எண்களையும் மறுபடி எடுத்து, பழைய எண்களுக்குக் கீழேயே எழுதி வையுங்கள்.