அழாத பிள்ளை

(மும்பையில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இசையும் நாடகமும் காணக் கூடியிருக்கும் இவ்வவையில் நோயைப் பற்றிப் பேச எங்களை அழைத்தது செயலாளரின் துணிவென்றே சொல்ல வேண்டும். நாங்கள் குழந்தை மருத்துவர்கள். நாளின் பெரும்பகுதியை மருத்துவமனையின் அவசரப் பிரிவில் கழிப்பவர்கள். அங்கே அன்றாடம் எழும் ஒரு கேள்வியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறோம். ஒரே நேரத்தில் இருபது குழந்தைகள் வந்து நின்றால், எந்தக் குழந்தையை முதலில் பார்ப்பது?

'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்பது நம் ஊர்ப் பழமொழி. வீட்டில் அது மெய்யாக இருக்கலாம். அவசரப் பிரிவின் வாயிலில் அதைப்போல் ஆபத்தான வழிகாட்டி வேறில்லை. ஓங்கி அழும் குழந்தைக்கு மூச்சுக்குழல் திறந்திருக்கிறது, நுரையீரலில் காற்று போய் வருகிறது, மூளை விழித்திருக்கிறது. இத்தனை நற்செய்திகளையும் அழுகை ஒன்றே சொல்லிவிடுகிறது. அழவும் வலுவின்றித் தாயின் தோளில் துவண்டு கிடக்கும் குழந்தையே எங்களை அஞ்ச வைப்பது.

சில ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதத்து அடைமழை மாலையொன்றில் நடந்ததைச் சொல்கிறோம். இந்நகரத்து மருத்துவமனை ஒன்று, பெயர் வேண்டாம். வாயிலில் நீண்ட வரிசை. நெற்றி பிளந்த ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் கூடமே அதிர அழுதுகொண்டிருந்தான். சட்டையெல்லாம் குருதி. உடன் வந்தவர் ஐவர்; ஐவரும் உரத்த குரலினர். அவர்களுக்குப் பின்னால், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஓராண்டும் நிறையாத இளந்தாய் ஒருத்தி, ஒன்பது மாதக் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி நின்றாள். குழந்தைக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. என்ன செய்கிறது என்று பதிவு செய்பவர் இந்தியில் கேட்டார். 'அசந்து கிடக்கிறது' என்று சொல்ல நினைத்தாள் அவள். அதற்கு இந்தி தெரியவில்லை. தெரிந்த சில சொற்களைக் கூட்டி, 'ஸோ ரஹா ஹை' என்றாள். தூங்குகிறது என்பது அதன் பொருள். தூங்கும் குழந்தைக்கு என்ன அவசரம்? நாற்பது நிமிடம் நின்றாள். எங்களில் ஒருவர் தற்செயலாக அவ்வழியே சென்றபோது, தொங்கிக்கொண்டிருந்த குழந்தையின் பாதம் கையில் பட்டது. பனிக்கட்டி போலிருந்தது.

அக்குழந்தை பிழைத்தது, ஆறாம் நாள் வீடு திரும்பியது. பிழைத்துவிட்டதனால் அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றி எந்த ஏட்டிலும் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. பதிவு செய்தவரைக் குறை கூறிப் பயனில்லை. அவருக்குப் பெயரெழுதக் கற்பித்திருந்தோமே ஒழிய, குழந்தையைப் பார்க்கக் கற்பிக்கவில்லை.

பாதம் ஏன் குளிர்ந்தது என்பதைச் சற்று விளக்க வேண்டும். உடலில் நீர் வற்றும்போது குழந்தையின் இதயம் விரைந்து துடிக்கிறது. தோலுக்கும் கை கால்களுக்கும் செல்லும் குருதி சுருக்கப்பட்டு, மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பப்படுகிறது. இவ்வாறு ஈடுகட்டுவதால் இரத்த அழுத்தம் நெடுநேரம் குறையாமல் நிற்கும். கருவியில் எண் சரியாக இருக்கிறதென்று ஆறுதல் கொள்ளும் வேளையிலேயே கையும் காலும் குளிர்ந்திருக்கும். அந்த எண் விழும்போது மிகவும் பிந்திவிடுகிறது. ஆகவே கைகளைத் தொட்டுப் பார்க்கிறோம். விரல் நகத்தை அழுத்தி விட்டால், வெளுத்த இடம் மூன்று விநாடிக்குள் சிவக்க வேண்டும். கை குளிர்ந்து, சிவக்க அதற்கு மேல் ஆகி, நாடியும் மெலிந்து விரைந்தால், அக்குழந்தைக்கு வரிசை கிடையாது.

போர்க்களத்தில் பதவி பாராமல் காயத்தின் கடுமை பார்த்து வீரர்களை வகைபிரித்தவர் நெப்போலியனின் படை மருத்துவர் லாரே. அவ்வழக்கத்தின் வழித்தோன்றலாகிய 'ட்ரையாஜ்' என்னும் முறையைக் குழந்தைகளுக்கென எளிமைப்படுத்தி, உலக சுகாதார நிறுவனம் 2005இல் பயிற்சி நூல் வெளியிட்டது. 2016இல் நெறிமுறைகளைப் புதுப்பித்தது. உடனே பார்க்க வேண்டியவர், முந்திப் பார்க்க வேண்டியவர், காத்திருக்கக் கூடியவர் என்று மூன்றே வகை. மூச்சுத் தடை, குருதியோட்டக் குறைவு, நினைவிழப்பு, வலிப்பு, வயிற்றுப்போக்கால் கடும் நீரிழப்பு ஆகியவை முதல் வகை. இரண்டு மாதம் நிரம்பாத குழந்தை எந்த நோயோடு வந்தாலும், குறைந்தது இரண்டாம் வகையிலாவது சேரும்.

இதற்குப் பெரிய கருவிகள் வேண்டுவதில்லை. கடிகாரம் ஒன்று போதும். மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். குழந்தை அழாமலிருக்கும்போது எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40: இவ்வளவோ இதற்கு மேலோ போனால் மூச்சு விரைவு. மூச்சிழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்வாங்கினால் இன்னும் கவலை. நம் மாநிறத்திலும் கருநிறத்திலும் தோலைப் பார்த்து முடிவு செய்வது அரிது. நீலம் பூத்திருக்கிறதா என்று நாக்கிலும், வெளிறியிருக்கிறதா என்று உள்ளங்கையிலும் பாருங்கள். வெள்ளையர் குழந்தைகளை வைத்து எழுதிய நூல்களைப் படித்த நாங்களே இதை வேலையில்தான் கற்றுக்கொண்டோம்.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்க்கு ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டைக் காட்டுவோம். அந்நாட்டின் பிளான்டயர் நகரப் பெரு மருத்துவமனையில், குழந்தைகளை வாயிலிலேயே வகைபிரித்து உடனடிச் சிகிச்சை தரும் முறை அமைந்தபின், உள்நோயாளிக் குழந்தைகளிடையே நூற்றுக்கு 10 முதல் 18 வரை இருந்த இறப்பு 6 முதல் 8 வரையாகக் குறைந்தது என்று 2006இல் எழுதினார்கள். மலாவியோ நம்மினும் வறிய நாடு.

எனினும் விரைவு மட்டும் போதாது. கென்யா, உகாண்டா, தான்சானியா நாடுகளில் 3,141 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2011இல் வெளிவந்தது. கடுங்காய்ச்சலால் குருதியோட்டம் குறைந்த குழந்தைகளுக்கு நரம்பு வழியே நீரை விரைந்து ஏற்றியபோது இறப்பு கூடியதை அது காட்டியது. வயிற்றுப்போக்குக் குழந்தைகள் அவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு நீரே உயிர். குளிர்ந்த பாதங்கள் இரண்டு இடத்திலும் ஒன்றுபோலவே இருக்கின்றன! எத்தனை முறை வயிற்றுப்போக்கு, என்று தொடங்கியது, கடைசியாகச் சிறுநீர் எப்போது என்பவற்றைத் தாய்தான் சொல்ல வேண்டும்.

தாயின் சொல் எந்த மொழியில் வருகிறது என்பதே எங்கள் கவலை. நம் குடும்பங்களில் பலவற்றில் ஆடவர் இந்தியும் மராத்தியும் பேசுவர். பகலில் அவர்கள் வேலைக்குப் போயிருக்க, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருபவள் தமிழ் மட்டுமே அறிந்த தாயாக இருக்கிறாள். அவள் 'பால் இழுக்கவில்லை' என்றால், உறிஞ்சவும் வலுவில்லை என்று பொருள். 'பால் குடிக்க மறுக்கிறது' என்று பெயர்த்தால் அடம் பிடிப்பதாகிவிடும். 'இழுப்பு' என்னும் சொல் இன்னும் பொல்லாதது. சில ஊரார்க்கு அது மூச்சிரைப்பு. சில ஊரார்க்கு வலிப்பு. தமிழரான நாங்களே, எந்த ஊர் அம்மா என்று கேட்டபின்தான் புரிந்துகொள்கிறோம்.

ஆகையால் சங்கத்திடம் ஒன்று வேண்டுகிறோம். ஆபத்தைக் குறிக்கும் தமிழ்த் தொடர்களை ஒரு பக்கமும், அவற்றின் சரியான இந்தி, மராத்தி வடிவங்களை மறுபக்கமும் அச்சிட்டு வீடுதோறும் ஒரு தாள் கொடுக்க வேண்டும். குடிக்க முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு வந்தது, கூப்பிட்டால் விழிக்கவில்லை என இருபது தொடர் போதும். அதில் முதல் வரியை நாங்களே எழுதி வைத்திருக்கிறோம். 'அசந்து கிடக்கிறது' என்பதற்கு எதிரே, 'சுஸ்த் படா ஹை.' மற்ற வரிகளுக்கு உங்கள் ஊர்ச் சொற்கள் வேண்டும். நாடகம் முடியும்வரை வாயிலருகே மேசை போட்டு அமர்ந்திருப்போம். பெரியம்மாக்களும் பாட்டிமார்களும் தவறாமல் வந்து சொல்லிவிட்டுப் போகக் கோருகிறோம்.