மணலில் எழுதிய தமிழ்

இலக்கணம் ஐயமறக் கற்றும், ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் பேச நாவெழாமல் நிற்போர் நம்மிடையே பலர். அவர்கள் அறிவில் குறையில்லை. உடன் பேசிப் பழகுவார் வாய்க்காமையே குறை என்பது என் கருத்து.

1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் செருமானியரான சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையிறங்கினார். தமிழ் கற்க விரும்பிய அவர், திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை மாணாக்கரோடு தம் இல்லத்திற்கே வரவழைத்தார். சிறுவர்களுடன் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். சமய குரு ஒருவர் பாலர் நடுவே பிழைபட எழுதுவதென்றால், நாணத்தை எவ்வளவு துறந்திருக்க வேண்டும்! எழுத்து வந்தது, பொருள் விளங்கவில்லை. ஆசிரியருக்கோ ஐரோப்பிய மொழி தெரியாது. பின்னர், போர்த்துக்கேய மொழி அறிந்த அழகப்பன் என்பவர் சொற்பொருள் விளக்கும் துணையானார்.

உருசிய நாட்டு உளநூலறிஞர் வைகாட்ஸ்கி (1896–1934) இத்தகைய துணையின் ஆற்றலை ஆராய்ந்தவர். ஒரு குழந்தை தனியே செய்யவல்லதற்கும், வல்லார் துணையோடு செய்யவல்லதற்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. கற்பித்தல் பயன் தருவது அங்கேதான் என்பது அவர் கொள்கை. சொல்லும் முதலில் இருவரிடையே வழங்கிப் பின்னரே உள்ளத்தில் குடிபுகும். பிற்கால அறிஞர் இதனை இரண்டாம் மொழிக்கும் பொருத்திக் காட்டினர்.

சீகன்பால்கு தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியிலேயே அச்சாகி நிறைவுற்றது. அவரோடு மணலில் எழுதிய சிறுவர்கள் அதற்குள் இளைஞராகியிருப்பர்.