மீட்டர் சொல்லாத கணக்கு

செராஸ் வட்டாரத்தில் பழைய சின்ன காடி வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது மீட்டரைத்தான். 80,000 கிலோமீட்டர்தானே என்று மனம் இளகிவிடுகிறது. ஆனால் காலை நெரிசலில் ஜாலான் செராஸில் ஊர்ந்த வண்டிக்கு மீட்டர் முழுக்கணக்கைக் காட்டாது. சக்கரம் நின்றாலும் எஞ்சின் சுற்றுகிறது, ஏர்கோன் ஓடுகிறது. எதிர்க்காற்று இல்லாததால் ரேடியேட்டரைக் குளிரவைக்கும் பாரம் முழுவதும் விசிறியின் தலையில். 1994-இல் வந்த கஞ்சிலோ, 2005-இல் வந்த மைவியோ, இந்த வெயிலில் ரப்பர் குழாயும் வாட்டர் பம்பும் விசிறி மோட்டாரும் தளரத்தான் செய்யும். அவற்றை மாற்றுவது பெரிய செலவல்ல. கவனிக்காமல், சூடேறிய பிறகும் ஓட்டினால் கேஸ்கட் போகும், சிலிண்டர் ஹெட் வளையும். அப்போது பேச்சு ஆயிரக்கணக்கான வெள்ளியில்!

மைவிக்கு உதிரிப்பாகம் மலிவு, எந்தப் பட்டறையிலும் கிடைக்கும் என்பார்கள். உண்மைதான். மலிவு என்பதாலேயே பலர் தள்ளிப்போடுகிறார்கள், அதுதான் சிக்கல். புஸ்பாகோம் சோதனையில் தேறிவிட்டதே என்பது இன்னொரு வாதம். பெயர் மாற்றத்துக்கான அந்தச் சோதனை எஞ்சின் எண், சேசிஸ் எண், பிரேக் எல்லாம் பார்க்கும். எஞ்சினையோ கியர்பாக்ஸையோ பிரித்துப் பார்க்காது. ஆகவே விலை பேசும் முன், எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் துருநிறத்தில் இருந்தால், கூலன்ட் இல்லாமல் வெறும் குழாய்த் தண்ணீரில் ஓடிய வண்டியாக இருக்கலாம். பிறகு மூடியைப் போட்டு, ஏர்கோன் இல்லாமல் எஞ்சினை நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். விசிறி தானாகச் சுழன்று தானாக நிற்க வேண்டும்.